முதல் அம்பியுலன்ஸ் வேலை: திருகோணமலையிலிருந்து கேட்ட ஒரு தங்கைக்கு

தம்பலகாமத்தைச் சேர்ந்த 22 வயதுத் தங்கை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவசர மருத்துவத் தொழினுட்பவியலாளர், அதாவது ஈ.எம்.டி., பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்று ஐந்து மாதங்களாகின்றன. ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓரிடத்திலிருந்துதான் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது, அங்கும் "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். முகவர் ஒருவர், பணம் கட்டினால் வளைகுடாவுக்கு அனுப்புகிறேன் என்கிறார். அம்மாவோ பெண்பிள்ளைக்கு இரவுக் கடமை வேண்டாம் என்கிறார். இந்த நிலையில் முதல் வேலையை எங்கே, எப்படித் தேடுவது?

வணக்கம், தங்கை. நான் இதே மாவட்டத்தில் பல ஆண்டுகள் அம்பியுலன்ஸில் பணியாற்றி, பின்னர் புதிதாகச் சேர்பவர்களைப் பழக்கும் பொறுப்பிலும் இருந்தவன். உங்களைத் திருப்பி அனுப்பிய அந்த "அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வைத்தியசாலை விடுதியில் புதிதாகச் சேரும் தாதி ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், அடுத்த கட்டிலருகே நிற்கும் மூத்த தாதியைக் கேட்கலாம். அம்பியுலன்ஸில் அந்த வசதி கிடையாது. முன்னால் சாரதி இருப்பார். பின்னால் நோயாளியும், அழுதுகொண்டிருக்கும் உறவினர் ஒருவரும், நீங்களும் மட்டுமே இருப்பீர்கள். கட்டுப்பாட்டு நிலையத்தோடு தொலைபேசியில் பேசலாம் என்றாலும், நோயாளியின் மூச்சைக் கவனிக்கும் கண்கள் உங்களுடையவை மாத்திரமே. ஆகவே ஆட்சேர்ப்பவர் அந்தக் கேள்வியால் அறிய விரும்புவது, நாளை இரவு உங்களை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினால் அந்த நோயாளி பாதுகாப்பாக வைத்தியசாலை போய்ச் சேர்வாரா என்பதைத்தான். சம்பளம் பெற்ற அனுபவம் இல்லாத ஒருவராலும் அதற்கு ஆம் என்று விடை கொடுக்க முடியும். அதற்கான ஆயத்தத்தைத்தான் இந்தப் பதில் முழுவதும் சொல்லப்போகிறேன்.

முதலில் வேலை எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் ஈ.எம்.டி. என்ற பெயரிலேயே ஆட்களைப் பெரும் எண்ணிக்கையில் சேர்க்கும் இடம், 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியுலன்ஸ் சேவையான 1990 சுவசெரியதான். 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு அது ஆரம்பமானது. 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் தனியான ஒரு மன்றமாக நிறுவப்பட்டு, ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டபோது வண்டிகளின் எண்ணிக்கை 297 ஆக உயர்ந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஓர் ஈ.எம்.டி.யும், அங்கே பைலட் என்று அழைக்கப்படும் சாரதியும் இருப்பார்கள். ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றார்கள். தெரிவாகிறவர்களுக்குத் தனது முறைப்படி பயிற்சி கொடுத்த பின்னரே மன்றம் அவர்களை வண்டியில் ஏற்றும் என்பதால், வெளியில் நீங்கள் பெற்ற சான்றிதழ் உங்களைத் தெரிவுக்கு அருகில் கொண்டுபோகுமேயன்றி அந்தப் பயிற்சியிலிருந்து விலக்களிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் வெற்றிட அறிவித்தல்கள் மன்றத்தின் இணையத்தளத்திலும் பத்திரிகை விளம்பரங்களிலும் வரும். வர்த்தமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள். விளம்பரத்தில் கேட்கப்படும் கல்வித் தகைமையும் வயதெல்லையும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால், பழைய விளம்பரத்தை வைத்து யாராவது சொல்வதைக் கேட்டு ஒதுங்கிவிடாமல், புதிய விளம்பரத்தை வரி வரியாகப் படித்து விண்ணப்பியுங்கள்.

இந்த இடத்தில் திருகோணமலைப் பிள்ளைகள் பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சொந்த மாவட்டத்தில் வெற்றிடம் வரட்டும் என்று காத்திருந்தே ஒரு வருடத்தை இழந்துவிடுகிறார்கள். நாடு முழுவதையும் ஒரே சேவையாக நடத்தும் நிறுவனத்துக்கு ஆள் தேவைப்படுவது இன்று பொலன்னறுவையில் இருக்கலாம், நாளை மன்னாரில் இருக்கலாம். எந்த மாவட்டத்திலும் பணியாற்றச் சம்மதமா என்று கேட்டால், ஆம் என்று எழுதுங்கள். வெளியூரில் ஒன்றரை வருடம் வேலை செய்துவிட்டு இடமாற்றம் கேட்பவரின் கையில் சேவைக்காலம் என்ற பலம் இருக்கும். வீட்டிலிருந்தபடி காத்திருப்பவருக்கு அது இல்லை. அழைப்பு நிலையத்தில் தமிழ் பேசுபவர்களுக்கு வெற்றிடம் வந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். பதற்றத்தில் இருக்கும் ஒருவரிடமிருந்து இடத்தையும் நோயையும் ஒரு நிமிடத்துக்குள் கேட்டறிவது பின்னர் வண்டியிலும் நாள்தோறும் பயன்படும் திறமையாகும்.

அரச வைத்தியசாலைகளின் நோயாளர் காவு வண்டிகளைப் பற்றியும் பலருக்குத் தவறான எதிர்பார்ப்பு உண்டு. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்தோ கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளிலிருந்தோ நோயாளி ஒருவரை வேறிடத்துக்கு மாற்றும்போது கூடச் செல்பவர் பெரும்பாலும் தாதியோ வைத்தியரோ சுகாதார உதவியாளரோதான். ஆகவே அங்கே ஈ.எம்.டி. வேலை இருக்கிறதா என்று விசாரித்துக் காலத்தைச் செலவழிக்க வேண்டாம்.

தனியார் அம்பியுலன்ஸ் சேவைகளும் தனியார் வைத்தியசாலைகளும் மீதமுள்ள வழி. இவற்றின் பணி பெரும்பாலும் நோயாளியை ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு, குறிப்பாகக் கண்டிக்கோ கொழும்புக்கோ, கொண்டுபோவதாகும். புதியவர்கள் பலர் இதைச் சிறிய வேலையாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர் தூரம். அத்தனை நேரமும் ஒரே நோயாளியின் நாடித்துடிப்பையும் குருதி அமுக்கத்தையும் ஒட்சிசன் செறிவையும் குறித்துக்கொண்டு, அவர் மெல்ல மெல்ல மோசமடைவதை உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப் பழகுவது வீதி விபத்துக்கு ஓடிப்போவதைவிடக் கடினமான கல்வி. இன்னொன்றும் உண்டு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹொட்டல்களும் கடல் விளையாட்டு நடத்துபவர்களும் மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் முதலுதவி தெரிந்தவர்களைத் தேடுவதுண்டு. துறைமுகத்தையும் சீனக்குடாவையும் சார்ந்த பெரிய ஆலைகளில் முதலுதவிப் பொறுப்பாளர் தேவைப்படுவார். இவை அம்பியுலன்ஸ் வேலையல்ல. ஆனாலும் நீரில் மூழ்கியவரையும் வெயிலில் மயங்கியவரையும் இயந்திரத்தில் கை சிக்கியவரையும் நேரில் கண்டு கவனித்த ஒருவர், நேர்முகப் பரீட்சையில் சொல்வதற்குச் சொந்தக் கதையுள்ளவர்.

சம்பளமற்ற வழியையும் மதியுங்கள். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் திருகோணமலையில் கிளை உண்டு. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கும் கதிர்காமப் பாதயாத்திரைக்கும் திரளும் கூட்டத்தில் நிற்கும் முதலுதவித் தொண்டர் ஒரே நாளில் காணும் நோயாளிகளைப் பயிற்சி வகுப்பு மாதக்கணக்கில் காட்டாது. கொப்புளம் வந்த காலும், நீர் குடிக்காமல் சோர்ந்த முதியவரும், சீனி குறைந்து நடுங்கும் நீரிழிவுக்காரரும் சாதாரணமானவர்களாகத் தோன்றலாம். பின்னாளில் உங்கள் வண்டியில் ஏறுபவர்களில் பெரும்பாலோரும் இத்தகையவர்களே. கவனித்த ஒவ்வொருவரையும் பெயரின்றி, வயதும் முறைப்பாடும் நீங்கள் செய்ததும் விளைவும் மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியை நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுவந்த ஒரு பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். குழுவிலிருந்தவர்கள் அவருடைய சான்றிதழை ஒதுக்கிவிட்டு அதைத்தான் வாசித்தார்கள்.

அடுத்து மொழி. நம் மாவட்டத்து ஈ.எம்.டி. ஒருவருக்கு மருத்துவ அறிவுக்கு அடுத்த தகைமை சிங்களம் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் கால்வாசிக்குச் சற்று மேற்பட்டோர் சிங்களவர். கந்தளாயிலும் சேருவிலவிலும் கோமரங்கடவலவிலும் வண்டி நின்றால் உங்களை எதிர்கொள்ளும் மொழி அதுவே. வெளிமாவட்டத்தில் நியமனம் கிடைத்தால் சொல்லவே வேண்டியதில்லை. இலக்கணப் பரீட்சைக்குப் படிப்பதைப்போலப் படிக்கத் தேவையில்லை. "கொஹேத ரிதென்னே?" என்றால் எங்கே வலிக்கிறது; "ஹுஸ்ம கன்ன அமாறுத?" என்றால் மூச்செடுக்கக் கஷ்டமா, "பெஹெத் கன்னவாத?" என்றால் மருந்து எடுக்கிறீர்களா. இப்படி நோயாளியிடம் கேட்க வேண்டிய நாற்பது ஐம்பது கேள்விகளையும், அவற்றுக்கு வரக்கூடிய விடைகளையும் பேச்சு வழக்கில் கற்றுக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுக்குகிறதா, குத்துகிறதா, எரிகிறதா என்ற வேறுபாட்டை நோயாளியின் மொழியில் கேட்டறிய முடியாவிட்டால், மாரடைப்பை வாயுத்தொல்லையாக எண்ணிவிடும் ஆபத்து உண்மையானது. தமிழ் நன்றாகத் தெரிந்து சிங்களத்தில் நோயாளியிடம் பேசவும் முடிந்தவரை இந்த மாகாணத்தில் எந்தச் சேவையும் இலகுவில் கைவிடாது.

நேர்முகப் பரீட்சையில் செய்முறையும் இருக்கும் என்றே எதிர்பார்த்துப் போங்கள். இதய நுரையீரல் மீளுயிர்ப்பில், அதாவது சி.பி.ஆரில், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று எல்லோரும் ஒப்புவிப்பார்கள். பொம்மையின் மீது இரண்டு நிமிடம் அழுத்தச் சொன்னால், ஒன்றரை நிமிடத்தில் ஆழம் குறைந்துபோகிறவர்களே அதிகம். ஆகவே வீட்டில் கெட்டியான தலையணையிலாவது நாள்தோறும் நேரம் வைத்துப் பழகுங்கள். சம்பவம் ஒன்றைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்டால், நோயாளியிடம் ஓடுவதாகத் தொடங்காதீர்கள். அந்த இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பதாகத் தொடங்குங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியையும், வெள்ளம் மூடிய பாதையையும், காட்டோரத்தில் நிற்கும் யானையையும் கவனியாத ஈ.எம்.டி. இரண்டாவது நோயாளியாகிவிடுவார். கண்ணாடி விரியன் கடித்த விவசாயி என்று சொன்னால், கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது, கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோவேன், கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்வேன் என்று சொல்லுங்கள். சுயநினைவில்லாதவர் என்றால் குருதியில் சீனியின் அளவைப் பார்ப்பேன் என்று சொல்ல மறக்காதீர்கள். உங்களுக்கு அதிகாரமில்லாத ஒன்றைச் செய்வேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திறமையைக் காட்டும் ஆசையில், வைத்தியர் மட்டுமே தீர்மானிக்கக்கூடிய மருந்தைத் தாம் ஏற்றுவதாகச் சொல்லி நிராகரிக்கப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர்.

ஒட்சிசன் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனது முதல் நேர்முகப் பரீட்சையில் என்னிடம் கேட்கப்பட்டது இதுதான்: 680 லீற்றர் கொள்ளும் உருளை நிறைந்திருக்கிறது, நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லீற்றர் தேவை, அவரை அநுராதபுரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், என்ன செய்வீர்? முகமூடியின் வகைகளையும் அவற்றின் அளவுகளையும் மனனம் செய்து போயிருந்த நான், போதும் என்று சொல்லிவிட்டேன். 680ஐ 10ஆல் வகுத்தால் 68 நிமிடம். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பயணம் அதற்குள் முடியாது. காடும் வயலுமாக நீளும் அந்த வீதியில் நோயாளி மூச்சுக்குத் திணறியிருப்பார். அன்று எனக்கு வேலை கிடைக்கவில்லை, கிடைக்காததும் நியாயம். புறப்படுமுன் பயண நேரத்தைக் கணித்து, தாமதத்துக்கென்று மேலதிகமாகச் சேர்த்து, உருளையிலிருக்கும் அழுத்தமானியைப் பார்த்து, போதாவிட்டால் இன்னோர் உருளை ஏற்றாமல் வண்டியை எடுக்க விடமாட்டேன் என்பதே சரியான விடை. இந்தக் கணக்கைப் புல்மோட்டையிலிருந்தும் வெருகலிலிருந்தும் நகரத்துக்கு வரும் பயணத்துக்கும் நீங்களாகவே செய்து பழகுங்கள். வீதிகளையும் அப்படியே படியுங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரை கடந்தது; மாரி காலத்தில் நம் பாதைகள் எப்படி அடைபடும் என்பதை இம்மாவட்டத்துப் பிள்ளையாகிய நீங்கள் அறிவீர்கள். எந்தப் பாலம் மூடினால் எந்த வழி, எந்த வைத்தியசாலையில் எந்தச் சிகிச்சை உண்டு என்பதைத் தெரிந்து வைத்திருப்பவரைச் சாரதியும் விரும்புவார்.

நோயாளியை ஒப்படைப்பதையும் பேசிப் பழகுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் முப்பது, நாற்பது விநாடிகள்தான். வயது, நடந்த நேரம், நடந்த விதம், கண்ட காயங்கள் அல்லது முறைப்பாடு, நாடித்துடிப்பு முதலான அளவீடுகள், நீங்கள் செய்த சிகிச்சை என்ற ஒழுங்கில், இடையில் கதை சேர்க்காமல் சொல்லி முடிக்க வேண்டும். வீட்டில் உரத்துச் சொல்லி, கைத்தொலைபேசியில் பதிந்து கேட்டுப் பாருங்கள்.

இனி ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், பெறுபேறுகள், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ் எல்லாம் கைவசம் இருக்கட்டும். விளம்பரம் வந்த பிறகு ஓடித் திரிபவருக்கு முடிவுத் திகதி காத்திருக்காது. நீங்கள் பயின்ற நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்யப்பட்டதா, பாடநெறி தேசிய தொழில் தகைமை மட்டம் எதையும் கொண்டதா என்று இப்போதே உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் விண்ணப்பங்கள் பதிலின்றிப் போனதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்பு அட்டை இரண்டு வருடங்களுக்கே செல்லும், ஆகவே திகதியைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இந்த வாரமே தொடங்குங்கள். முதலாவது ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்று அது முழுமையடைய அரை வருடம் எடுக்கும். குருதியோடு வேலை செய்யப்போகும் உங்களுடைய உடலைக் காக்கும் காரியம் அது. இலகு வாகனச் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்து வையுங்கள். 1990 சேவையில் சாரதியென்று தனியாக ஒருவர் இருந்தாலும், சிறிய தனியார் சேவைகள் வண்டியோட்டவும் நோயாளியைக் கவனிக்கவும் தெரிந்தவரையே முதலில் அழைக்கின்றன.

தனியார் இடத்தில் சேர்ந்தால் ஒன்றில் உறுதியாக இருங்கள். நான் முதன்முதலில் சேர்ந்த சேவையில் ஏழு மாதங்கள் வேலை செய்தேன். நியமனக் கடிதம் தரவில்லை, நாளை தருகிறோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து விலகி அடுத்த இடத்துக்கு விண்ணப்பித்தபோது, அந்த ஏழு மாதங்களை நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை. இரவும் பகலும் உழைத்துப் பெற்ற அனுபவம் கணக்கில் வராமலே போனது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். அது உங்கள் முதுமைக்கான பணம் என்பதோடு, நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கான அழியாத பதிவும்கூட. சேரும் நாளிலேயே நியமனக் கடிதத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் பணிவாகக் கேளுங்கள். தர மறுக்கும் இடம் வேறு எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நல்ல இடமல்ல.

முகவரின் விடயத்தில் என் பதில் சுருக்கமானது: இப்போது பணம் கட்டாதீர்கள். வளைகுடா நாடுகளில் இந்தத் தொழிலுக்கு நல்ல இடமுண்டு என்பது உண்மையே. ஆனால் அங்கு பணிபுரிய அந்தந்த நாட்டுச் சுகாதார அதிகாரசபையின் அனுமதி தேவை. அதற்காகச் சான்றிதழையும் சேவைக்காலத்தையும் வழங்கிய இடங்களிலேயே நேரடியாக விசாரித்துச் சரிபார்ப்பார்கள். சேவைக்காலமே இல்லாத ஒருவரை ஈ.எம்.டி.யாக அனுப்புகிறேன் என்று சொல்பவர், பெரும்பாலும் வேறொரு வேலைக்கே அனுப்புவார். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு உரிமம் உண்டா, அந்த வேலைக்கு அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மூன்று வருடச் சேவைக் கடிதம் கையிலிருக்கும்போது அந்தக் கதவை நீங்களே தட்டலாம்.

அம்மாவைப் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன். இலகுவானது என்பதால் அல்ல. அவருடைய பயத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைவதும், குடிபோதையில் இருப்பவர்கள் சூழ்ந்த விபத்திடத்தில் நிற்பதும் ஆண்களுக்கும் பயம் தருபவையே. ஆனால் இந்தத் தொழிலில் பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்கள் தேவையும்கூட. பிரசவ வலியோடு ஏறும் ஒரு தாய், கிண்ணியாவிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ, வண்டியின் பின்கதவைத் திறப்பவர் ஒரு பெண் என்று கண்டவுடன் முகம் தெளிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே அம்மாவோடு வாதாடாமல், அவருக்கு விடை தேவைப்படும் கேள்விகளை எழுதுங்கள். கடமை மாறும் நேரத்தில் போக்குவரத்து எப்படி, அழைப்பில்லாத இரவு நேரத்தில் எங்கே இருக்க வேண்டும், அங்கே பெண்களுக்குத் தனியான கழிவறையும் பூட்டக்கூடிய அறையும் உண்டா, ஆபத்தான இடத்துக்குள் பொலிஸார் வரும்வரை நுழையாமல் நிற்க அனுமதி உண்டா, கூடப் பணியாற்றுபவர் தவறாக நடந்தால் யாரிடம் முறையிடுவது? வேலை வழங்குவதாகச் சொல்லும் இடத்தில் இவை அனைத்தையும் கையொப்பமிடுமுன் கேளுங்கள். கேட்பதால் உங்களைக் குறைவாக எண்ணமாட்டார்கள். இரவுக் கடமையில் பெண்களை வைத்து வேலை வாங்கும் எந்தப் பொறுப்பாளரிடமும் இவற்றுக்கு விடை இருந்தாக வேண்டும். முடியுமானால் இரவுக் கடமை செய்யும் பெண் ஈ.எம்.டி. ஒருவரைச் சந்தித்துப் பேச அம்மாவையும் கூட்டிப்போங்கள். நானோ நீங்களோ சொல்வதைவிட, கடமை முடிந்து காலையில் களைத்துப்போய் நிற்கும் அந்தப் பெண்ணிடமே அம்மா தமது கேள்விகளைக் கேட்கட்டும்.